கண்ணில் ஏறிய மஞ்சள்

பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கலந்த நிறத்தைக் கடைக்குள் எரியும் விளக்கொளியில் வைத்து முடிவு செய்ய எவரையும் விடமாட்டார். "உள்ள பார்த்தா ஏமாந்துடுவீங்க, வெளிய வாங்க" என்று, டப்பாவின் மூடியில் ஒரு தீற்றுத் தீற்றி, வாசலுக்கு அழைத்துச் சென்றுவிடுவார். அப்படிப்பட்டவர் தம் கண்களை மட்டும் குளியலறையின் மஞ்சள் பல்புக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதத்தில் அவருக்குப் பசி அடங்கிப்போயிற்று. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. மாத்திரையின் சூடு என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஒரு நாள் வாடிக்கையாளரோடு வாசலில் நின்றவரை முதலாளி உற்றுப் பார்த்தார்.

"டப்பால இருக்கிற மஞ்சளை விட உங்க கண்ணுல இருக்கிறது தூக்கலா இருக்கே. மூடியைக் கீழ வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

நோயைத் தீர்க்க வந்த மாத்திரையே ஈரலைப் பதம் பார்த்திருந்தது. மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தினார். ஈரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கியே ஆக வேண்டும், இல்லையேல் நுரையீரல் கைவிட்டுப்போகும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதன்பின் காலைதோறும் அவருடைய மனைவி அவரை வாசலில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

"நல்லாத் தொறங்க. ஏன் திருடன் மாதிரி முழிக்கிறீங்க?"

"ஈரல் தேறுறதுக்குள்ள உன் விரல் பட்டே கண்ணு போயிடும் போல."

மஞ்சள் மெல்ல வெளுத்தது. பசியும் எட்டிப் பார்த்தது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர் முதல் மாத்திரையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"இது மறுபடியும் கவுத்துட்டா என்ன பண்றது?"

"கவுத்தா நிறுத்திடுவாங்க. அதுக்குத்தானே அடிக்கடி ரத்தம் எடுக்கிறாங்க? முழுங்காம இருந்தா இருமலோடயே குடும்பம் நடத்த வேண்டியதுதான்" என்று மனைவி தண்ணீரை நீட்டினாள்.

விழுங்கினார். அது ஒத்துக்கொண்டது, அடுத்ததும் ஒத்துக்கொண்டது. ஈரலை அதிகம் படுத்தக்கூடிய கடைசி மாத்திரையைத்தான் மருத்துவரே சந்தேகத்தோடு எழுதிக் கொடுத்தார். அதற்கான ரத்த முடிவும் நன்றாகவே வந்தது. ஆயினும் அவருக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் காலையில், மனைவி கூப்பிடுமுன் தாமே வாசலில் போய் நின்று, இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நிறம்?"

"வெள்ளைதான்."

"வெள்ளையில எத்தனையோ வகை இருக்கு. சரியாப் பாரு."

மனைவி இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சது ஒரே வெள்ளைதாங்க. போய்க் குளிங்க, கடைக்கு நேரமாச்சு."