எலியக்கா வீட்டு ரத்தம்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடித்தளத்து எலி அறை பதினாறு வருஷமாக அவள் பொறுப்பு. தீனி வைப்பது, மரத்தூள் மாற்றுவது, எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று அட்டையில் குறிப்பது எல்லாம் அவள்தான். கொல்வதும் அவள்தான். பிடரியை இரண்டு விரலால் அழுத்தி, மறுகையால் வாலை ஒரே இழுப்பு. மற்றவர்கள் கையில் எலி கீச்சிடும். அவள் கையில் கீச்சிட்டதில்லை.

அவை சாதாரண எலிகள் இல்லை. மூளையின் நரம்பணுக்களுக்கு நடுவே இணைப்புகளைக் கட்டுகிற மரபணு ஒன்றை அவற்றில் கெடுத்து வைத்திருந்தார்கள். சில எலிகள் கூண்டு மூலையில் தனியாக உட்கார்ந்து முகத்தை வழித்துக்கொண்டே இருக்கும், தோல் கிழிந்து சதை தெரிகிறவரை. ஆட்டிசம் எப்படி உண்டாகிறது என்று பார்க்கத்தான் இவ்வளவும் என்று அங்கே ஆராய்ச்சி செய்த பெண் சொல்லியிருந்தாள். கருவிலேயே மூளை அணுக்கள் ஆழத்தில் பிறந்து, மெல்ல மேலேறித் தத்தம் இடத்தில் போய் உட்காருமாம். அப்புறம் தேவைக்கு மேல் இணைப்புகள் முளைத்து, வேண்டாதவை கழியுமாம். நடுவில் எங்காவது பிசகினால் பிள்ளை வேறு மாதிரி வளரும். பத்தாவதோடு படிப்பை விட்டவள் என்றாலும் எலியக்காவுக்கு இது சட்டென்று புரிந்தது. அப்படியொரு பிள்ளை அவள் வீட்டிலேயே இருந்தது.

மகளுக்குப் பதினான்கு வயது, பேச்சு இல்லை. நாலு வயதில் ஆட்டிசம் என்று தெரிந்த அன்றைக்கே, மாடியில் குடியிருந்த நாத்தனார், இது எங்கள் பக்கத்துச் சரக்கு இல்லை என்று கையை உதறிவிட்டாள். கடைசல் பட்டறையில் வேலை பார்த்த கணவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அன்று விழுந்த அறையில் எலியக்காவுக்கு இடது காது பாதி போயிற்று. அதிலிருந்து மகள் ஒரு தட்டை உடைத்தால் தாய்க்கு ஓர் உதை என்று ஆனது.

ஆராய்ச்சிப் பெண் மரபணுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தாள். தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேரும் ரத்தம் கொடுக்க வேண்டும். கணவன் மாட்டேன் என்பான் என்று எலியக்கா பயந்தாள். அவனோ சட்டைக்கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். உன் குடும்ப லட்சணம் காகிதத்தில் அச்சாகி வரட்டும் என்றான்.

முடிவு வர ஏழு மாதம் பிடித்தது. அதில் கடைசி மூன்று மாதம் வீடு ரணகளம். மகள் சுவரிலும் கதவு நிலையிலும் தலையை மோதத் தொடங்கினாள். நெற்றி பிளக்கும், தையல் போடுவார்கள், தையல் பிரிக்குமுன் மறுபடி பிளக்கும். தடுக்கப்போன தாயின் கையெல்லாம் பல் தடம். ஆட்டிசம் என்றால் இப்படியும் ஆகும் என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

முடிவைச் சொன்ன டாக்டர் பொறுமையான மனுஷி. அந்தக் கோளாறு தாய் ரத்தத்திலும் இல்லை, தகப்பன் ரத்தத்திலும் இல்லை, பிள்ளையிடம்தான் புதிதாக இருக்கிறது என்றாள். கணவன் விடவில்லை. அப்படியானால் யாரிடமிருந்து வந்தது என்று குடைந்தான்.

"அப்பா வழியா வந்த மரபணுப் பிரதியில ஒரு எழுத்து மாறியிருக்கு. ஏதோ ஒரு விந்தணு உருவாகும்போது நடந்த பிழை. அது யார் தப்பும் இல்ல."

கடைசி வாக்கியம் அவன் காதில் ஏறவில்லை.

வீடு வந்து சேர்ந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார், என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். மகள் சுவரில் மோதிக்கொண்டிருந்தாள். அவன் பெல்ட்டை உருவினான். அதுவரை அடியெல்லாம் தாய்க்குத்தான், மகளை அவன் தொட்டதில்லை. அன்று இரும்புக் கொக்கி முன்னால் பாய, முதல் வீச்சு பிள்ளையின் முதுகில் இறங்கியது. இரண்டாவது கன்னத்தில்.

எலியக்கா அடுப்பிலிருந்த இரும்பு வாணலியை எடுத்து அவன் முழங்கையில் போட்டாள். எலும்பு உடைந்தது. குப்புற விழுந்தவன் முதுகில் முழங்காலை ஊன்றினாள். இரண்டு விரல்கள் தாமாகவே அவன் பிடரிக்குப் போயின.

"இன்னொரு தடவ அவ மேல கை வச்சே, நீ எந்திரிக்க மாட்டே."

கல்யாணமான நாள்முதல் அவனை 'நீங்க' என்று மட்டுமே பேசியவள். அவன் மூச்சுத் திணறினான். விரல்கள் இறுகிக்கொண்டே போயின. நிறுத்தவேண்டும் என்றே தனக்குத் தோன்றவில்லை என்று பிற்பாடு அவள் ஆராய்ச்சிப் பெண்ணிடம் சொன்னாள்.

நிறுத்தியது மகள். ஓடிவந்து தாயின் தோளைக் கவ்வினாள். பல் சதையில் இறங்கிய வலியோடு, குப்பென்று ஒரு நாற்றம் எலியக்காவின் மூக்கில் ஏறியது. சீழ் நாற்றம். கணவனை அப்படியே விட்டுவிட்டு மகளின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு கறுத்து வீங்கி, பெல்ட் பட்டதில் உடைந்து, ரத்தமும் சீழும் வழிந்துகொண்டிருந்தன.

மயக்கமருந்து கொடுத்துப் பல்லை எடுத்த டாக்டர், சீழ் தாடை எலும்புவரை போயிருக்கிறது, மூன்று மாதமாவது இருக்கும் என்றார். மூன்று பேர் மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படித்தாயிற்று. பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, பெற்றவளுக்கும்கூட. எத்தனை அடிக்கும் அழாத எலியக்கா அதற்கு அழுதாள்.

கணவன் கையில் கட்டோடு காவல் நிலையம் போய், பெண்டாட்டி கொல்லப் பார்த்தாள் என்று புகார் எழுதிக் கொடுத்தான். சாட்சிக்கு அக்காவை இழுத்தான். நாத்தனார் வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்காமல், "இவன்தான் முதல்ல அடிச்சான். பத்து வருஷமா அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். நான் மாடியில கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

புகார் அதோடு நின்றது. நிமிராத கையோடு அவன் வேறு ஊர் போய்விட்டான். எலியக்கா வேலைக்குப் போகும்போது நாத்தனார்தான் கீழே இறங்கிவந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். இருவருக்கும் இன்னும் முகம் கொடுத்துப் பேச வரவில்லை. மகள் தலையை மோதுவது அநேகமாக நின்றுவிட்டது. கடிப்பது மட்டும் இருக்கிறது.

போன வாரம் நாத்தனாரின் மணிக்கட்டில் கடித்துவிட்டாள். ரத்தம் சொட்டச் சொட்டத் துணியைச் சுற்றிக்கொண்டே நாத்தனார் எலியக்காவிடம் கேட்டாள்: "அவளுக்கு எங்க வலிக்குதுன்னு பாத்தியா?"