அமுக்கினால் ஏறும் கலப்பை

எங்கள் வீட்டு டிராக்டர் சின்னது. நிலத்தை உழும், ஆனால் கலப்பையைத் தானாகத் தூக்காது. வரப்புக்கு வந்து திரும்பும்போதெல்லாம், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பியை ஓட்டுகிறவர் இரண்டு கையாலும் இழுத்து, ஐந்து கொழுவும் மண்ணை விட்டு மேலே வரும்படி தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும். அப்பாவுக்கு அது ஒரு வேலையே இல்லை. வைக்கோல் போரிலிருந்து விழுந்து அவருடைய வலது தோள் போகும் வரைக்கும்.

அந்த வண்டி தாத்தா விட்டுப் போனது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. யார் ஓட்டுகிறாரோ அவர் கொட்டகையில் வண்டி நிற்கட்டும் என்று தாத்தா ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பெரியப்பாவுக்கு அந்த வரி நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பா தோளில் கட்டோடு உட்கார்ந்த மூன்றாம் நாளே வந்துவிட்டார்.

"ஆடி முடியறதுக்குள்ள நீங்க ஓட்டலன்னா நான் ஓட்டிகினு போறேன். அப்பா சொன்னதுதான?"

"நான் ஓட்டறேன் மாமா," என்றாள் அம்மா. கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஓட்டுவ. கலப்பைய யாரு தூக்கறது, உன் புள்ளையா?"

எனக்குப் பத்து வயது. ரோஷமாகப் போய் அந்தக் கம்பியில் தொங்கிப் பார்த்தேன். அது அசையவில்லை.

"அதுவே தூக்கிக்கும்," என்றாள் அம்மா.

சும்மா சொன்ன வார்த்தை இல்லை அது. மாமல்லபுரம் பக்கம் கடற்கரைச் சாலை போட்டபோது அம்மா ஜல்லி சுமக்கப் போனவள். மண் அள்ளும் இயந்திரம் கையை மடக்கி நீட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்று மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவள். விஷயம் இவ்வளவுதான் பிள்ளைகளே: எண்ணெயை நெருக்கினால் அது சுருங்காது, எதிரில் இருப்பதைத் தள்ளும். எட்டாவது படித்த அம்மாவுக்கு இது வேடிக்கை பார்த்தே புரிந்திருந்தது.

செங்கல்பட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாயிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மண் அள்ளும் இயந்திரம் ஒன்றை உடைத்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து என் தொடை நீளத்துக்கு ஒரு சிலிண்டரும் கைப்பிடி வைத்த வால்வும் பொறுக்கினாள். எண்ணெயைத் தள்ளுவதற்கு லாரி ஸ்டியரிங் பம்ப் ஒன்று கிடைத்தது.

"இத்த வச்சி இன்னா பண்ணப் போறம்மா?" என்றார் பாய்.

"எங்க மாமா வாய மூடப் போறேன் பாய்."

அவர் சிரித்துவிட்டு, ஒரு கை நிறைய போல்ட்டுகளைச் சும்மா அள்ளிப் போட்டார்.

ஊரில் வெல்டிங் செய்கிறவர் பெரியப்பாவுக்குப் பயந்து மாட்டேன் என்றுவிட்டார். அம்மா நேராகத் திருவிடந்தைக்குப் போய், மீன்பிடி போட்டுகளுக்கு இன்ஜின் பார்க்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தாள். டிராக்டரை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை. "இன்ஜின் எங்க இருந்தா இன்னாம்மா, இன்ஜின் தான?" என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பம்பை இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்தார். பெயிண்ட் டப்பா எண்ணெய்த் தொட்டியானது. முதல் நாள் ரப்பர் குழாய் பாம்பு போல உப்பி வெடித்து, அம்மா தலையிலிருந்து கால்வரை எண்ணெயில் குளித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தவிட கெட்டியா வேற குழா வாங்கணும்ணா," என்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்து நான் அழத் தயாராக இருந்தேன். வீணாய்ப் போனது.

ஆடி கடைசி வாரம் அம்மா வண்டியை நிலத்தில் இறக்கினாள். பெரியப்பாவோடு பாதி ஊர் வரப்பில் நின்றது. கலப்பையை மெக்கானிக்கே இறக்கிவிட்டார். முதல் சால் நேராகவே போனது. வரப்பு வந்ததும் கலப்பையைத் தூக்குவதற்காக அம்மா கைப்பிடியை மேலே இழுத்தாள். கலப்பை பூமிக்குள் இறங்கியது. இன்னும் இழுத்தாள். இன்னும் இறங்கியது. வண்டி உறுமி, இருமி, நின்றது.

பெரியப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தூக்கச் சொன்னா பொதைக்குதுடா!"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "எங்க போட்டுல கைப்பிடிய அமுக்குனாதாம்மா விசிறி தண்ணிய வுட்டு மேல வரும். அந்தப் பழக்கத்துல கட்டிட்டேன்." கொட்டகையில் சோதித்தபோதெல்லாம் கைப்பிடி அவர் கையில்தான் இருந்தது. அவருக்கு அது சரியாகவே பட்டதால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு குழாய இடம் மாத்தி மாட்டுனா சரியாப் பூடும். அஞ்சு நிமிச வேலை."

அம்மா வரப்பைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"வோணாண்ணா. அமுக்குனா ஏறுதில்ல? அது போதும்."

வண்டியைக் கிளப்பிக் கைப்பிடியை அமுக்கினாள். ஐந்து கொழுவும் மண் உதிர மேலே வந்தன. பொழுது சாய்வதற்குள் மூன்று காணியையும் உழுது முடித்தாள். சிரித்தவர்கள் ஒவ்வொருவராய்க் கிளம்பினார்கள். பெரியப்பா மட்டும் கடைசிவரை நின்றார்.

எனக்குத்தான் மானம் போனது. "உங்க வண்டி தலைகீழா பொறந்துச்சாடா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். குழாயை மாற்றச் சொல்லி தினமும் அம்மாவை நச்சரித்தேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் அம்மாவும் அப்பாவும் தோளைக் காட்ட செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். பெரியப்பா வந்து, "வண்டி பொதுதானடா, சாவிய குடு," என்றார். கொடுத்தேன். பெரியவர்களிடம் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"பெரியப்பா, அது தலைகீழு," என்று பின்னாலேயே ஓடினேன்.

"தெரியும் போடா. நானும் பாத்துகினுதான இருந்தேன்."

தன் நிலத்தில் இறக்கி, முதல் சாலில் ஞாபகமாக அமுக்கினார். இரண்டாவதிலும் அமுக்கினார். மூன்றாவது சால் ஏரிக் கால்வாய்க் கரையில் முடிந்தது. கரை நெருங்கிய அவசரத்தில் அவர் கை பழக்கப்படி மேலே இழுத்துவிட்டது. கலப்பை கரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. தண்ணீர் உடைத்துக்கொண்டு அவருடைய நாற்றங்காலிலேயே பாய்ந்தது. மறுபடி கிளப்பி, பதற்றத்தில் மறுபடியும் மேலே இழுத்தார். பிறகு இழுப்பதா அமுக்குவதா என்றே குழம்பிப்போய் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, அம்மா எப்போது வருவாள் என்று என்னைக் கேட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய நல்ல புடவையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஒரு அமுக்கு. கலப்பை எழுந்து வந்தது.

"கரைய கட்டிடுங்க மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கள் கொட்டகைக்கே ஓட்டி வந்து நிறுத்தினாள். அதன்பின் பெரியப்பா சாவி கேட்டு வரவே இல்லை.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அப்பவே குழாய மாத்தியிருந்தா பெரியப்பாவுக்கு இப்டி ஆயிருக்குமா? இப்பவாச்சும் மாத்தும்மா," என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "மாத்தலாம்டா. அப்புறம் கொட்டாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்."

அப்பா வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பூட்டுதானே, செங்கல்பட்டு போயிருந்தபோதே வாங்கி வந்திருக்கலாம், இதற்காகவா இத்தனை மாதம் என் மானத்தை வாங்கினாள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.