சரிவில் நின்ற பிக்கப்

செம்மண்டலத்திலிருந்து சிதம்பரத்துக்கு வீடு மாற்றியபோது சாமான் ஏற்றிவந்தவரின் பிக்கப் புத்தம் புதியது. சீட்டின் பாலிதீன் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. பழைய டெம்போவைவிட நன்றாக இழுக்கிறது, மைலேஜும் ஜாஸ்தி என்றார், யாருடைய வண்டியைப் பற்றியோ சொல்வதுபோல. வழியில் டீக்கடையில் என்னை இறக்கிவிட்டு, அதைத் தாண்டிப் போய், பாலத்துச் சரிவில் நிறுத்திவிட்டுத் திரும்ப நடந்துவந்தார்.

“ஏண்ணே இவ்ளோ தூரத்துல?”

“டெம்போவ சரிவுல உருட்டுனாத்தான் ஸ்டார்ட் ஆவும் சார். அந்தப் பழக்கம்.”

“இதுதான் சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆவுதே?”

“ஆவுது. ஒரே ஒரு நாள் டெம்போவ வூட்டு வாசல்லயே நிறுத்திட்டேன். அன்னைக்குத்தான் வூட்டுக்காரிக்கு நெஞ்சுவலி. வண்டி கெளம்பறதுக்குள்ள போயிட்டா.”

மைலேஜ் சொன்ன அதே குரல்.

சிதம்பரத்தில் எங்கள் தெரு சமதரை. கட்டில், பீரோ, பாத்திரமெல்லாம் இறக்கி முடிக்கும்வரை அவர் என்ஜினை அணைக்கவேயில்லை.