நான் கேட்டேன்னு சொல்லுங்க

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஏழு வருஷம் ரைட்டராக இருந்தேன். பாதி நேரம் ஆபீஸில் எழுத்து வேலை, மீதி நேரம் துரைக்கு வாயாக இருக்கும் வேலை. அப்போது இருந்த துரை இளவயதுக்காரர், சீமையிலிருந்து நேராக வந்து இறங்கியவர். தமிழில் அவருக்கு வா, போ, சீக்கிரம் என்ற மூன்று சொற்கள்தான் தெரியும். விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் மஸ்டரில் அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். ஆட்கள் பதில் சொன்னால் அதை ஆங்கிலமாக்கி அவரிடம் கொடுப்பேன்.

ஆரம்பத்தில் 'துரை இப்படிச் சொல்றாருங்க' என்று தொடங்கித்தான் எதையும் சொல்வேன். எப்போது என்று நினைவில்லை, அந்தத் தொடக்கம் விழுந்துபோயிற்று. 'நாளைக்கு மேல்காட்டுக்குப் போகணும்', 'லீவு கிடையாது, போ' என்று என் வாக்காகவே வர ஆரம்பித்தது. என் குரலும் மாறியிருந்தது. மனைவிதான் ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள்.

"ஏனுங்க, கொழம்பு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. மஸ்டர்ல நிக்கறாப்புல அதட்டறீங்களே."

சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இத்தனை வருஷம் கழித்துத்தான் எழுத முடிகிறது.

கொழுந்து அதிகமாக வரும் மாதம் அது. அன்று காலை நான் எழுதிய கடிதம் ஒன்றில் பிழை இருந்தது. துரை அதை மேஸ்திரியின் முன்னாலேயே மேஜையில் வீசியெறிந்துவிட்டுப் பங்களாவுக்குப் போய்விட்டார். காதெல்லாம் எரிய உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் வந்து வாசலில் நின்றாள். சத்தியமங்கலத்துப் பக்கமிருந்து புருஷனோடு ஒப்பந்தத்தில் வந்திருந்த பெண், இருபத்தைந்து வயதிருக்கும். கொழுந்து பறிப்பவள். அதிகம் பேசமாட்டாள்.

"எங்கம்மா படுக்கையா கெடக்குதுங்க. ஊர்லருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சுங்க. கண்ணுல பாக்கோணும்னு சொல்லுதாமா. நாலு நாள் லீவு துரைகிட்டக் கேட்டுக் குடுங்க."

கேட்காமல் போக அவர்களுக்கு வழியில்லை. ஒப்பந்தம் முடியாமல் மலையிறங்கினால் ஓடிப்போனதாக எழுதிவிடுவார்கள். பிறகு ஆள் அனுப்பிப் பிடித்து வருவார்கள். எழுதுகிறவனும் நான்தான்.

"இரு, கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்தேன். பங்களா இருநூறு தப்படி தூரம்கூட இல்லை. ஃபேக்டரி வரைக்கும் நடந்தேன். அங்கிருந்து பங்களாவின் படி மூடுபனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. கடிதத்தை எறிந்த அந்த முகத்துக்கு முன்னால் மறுபடியும் போய் நிற்பதை நினைத்ததும் கால் திரும்பிவிட்டது. ஃபேக்டரிக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றேன். உள்ளே இலை உருட்டும் மிஷினின் சத்தம் முதுகில் அதிர்ந்துகொண்டிருந்தது. போய்க் கேட்டு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"லீவு கிடையாது. கொழுந்துக் காலம். போய் வேலையைப் பாரு."

அவள் சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போனாள். என் காதின் எரிச்சல் அதற்குள் அடங்கிவிட்டிருந்தது.

எட்டாம் நாள் அவளுடைய அம்மா இறந்துபோன சேதி வந்தது. இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் மஸ்டரில் வந்து நின்றபோது துரை அவளைக் காட்டி மேஸ்திரியிடம் சைகையில் என்னவென்று கேட்டார். மேஸ்திரி என்னிடம் சொல்ல, நான் துரையிடம் சொன்னேன். துரையின் முகம் இளகிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்:

"முன்னாலேயே ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அவளிடம் கேள். கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேனே."

அவள் என் வாயைப் பார்த்தபடி நின்றாள். நான் சொன்னேன்: "துரைக்கு ரொம்ப வருத்தமா இருக்குதாம்."

அவள் துரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நிதானமாகச் சொன்னாள்:

"நான் கேட்டேன்னு சொல்லுங்க."

ஆங்கிலத்தில் அது இரண்டே சொல். என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நான் துரையிடம் சொன்னது வேறு: "எல்லாம் திடீரென்று நடந்துவிட்டது, கேட்க நேரமில்லை என்கிறாள்."

துரை தலையசைத்தார். மஸ்டர் கலைந்தது.

அன்றிலிருந்து அந்த இரண்டு சொல் என்னை விடவில்லை. கணக்கு எழுதும்போது வரும், கை நின்றுவிடும். மூடுபனியில் எதிரே ஆள் வருகிற சத்தம் கேட்டால் அவள்தான் வருகிறாள் என்று ஒதுங்கி நிற்பேன், பார்த்தால் மாடாக இருக்கும். மிஷின் ஓடும் சத்தத்தில் அவள் குரல் கலந்து வந்தது. குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்று சொன்ன அதே நிதானம். சாப்பிடும்போது என் உதடு அசைவதைப் பார்த்து மனைவி கேட்டாள்: "ஆருகூடப் பேசிட்டிருக்கீங்க?"

துரைக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. பயத்தால் பங்களாவுக்குப் போகாதவன் நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே. இல்லை என்று சொன்னபோது எனக்கு ஒரு சுகம் இருந்தது. காலையில் என் மேல் விழுந்ததை இன்னொருத்தி மேல் இறக்கிவைத்த சுகம் அது. அந்தக் குரலை துரையிடமிருந்து இரவல் வாங்கியதாக நினைத்திருந்தேன். அது எனக்குள் முன்பே இருந்திருக்கிறது, ஒரு துரை கிடைத்ததும் வெளியே வந்திருக்கிறது. இது தெரிந்த நாளில் முகம் மழித்துக்கொள்ளக் கண்ணாடி முன் உட்கார்ந்தவன் மழிக்காமலே எழுந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துத் துரையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அது பறிப்புக் காலம். யோசித்தால், நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. விட்டுத்தள்ளு, இனிமேல் என்னைக் கேள்" என்றார். தேயிலைப் பெட்டிகள் வந்துவிட்டனவா என்று விசாரித்தார். ஆபீஸ் படி இறங்கும்வரை நெஞ்சு லேசாக இருந்தது. கடைசிப் படியில் கால் வைத்தபோது, மன்னிப்பை வாங்கக் கூடாத இடத்தில் வாங்கிவிட்டேன் என்று தெரிந்தது.

மறுநாள் அவள் பறித்துக்கொண்டிருந்த தேயிலைக் காட்டுக்குப் போனேன். மற்றவர்கள் இரண்டு வரிசை தள்ளி இருந்தார்கள். செடிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்: "அன்னைக்கு நான் துரைகிட்டக் கேக்கவே இல்ல."

அவள் கை நிற்கவில்லை. "தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"நீங்க பங்களாவுக்குப் போகலீங்க. ஃபேக்டரிக்குப் பொறகால நின்னீங்க. ஃபேக்டரி மூலை வரைக்கும் நானுந்தான் வந்து பாத்துட்டு நின்னனுங்க."

"அப்பவே ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"ஆருகிட்டச் சொல்றதுங்க? துரைகிட்டச் சொல்லோணும்னா அதுக்கும் உங்க வாய்தானுங்களே வேணும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். ஏதாவது திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்போல. அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த செடிக்குப் போகோணுமுங்க, வழி விடுங்க" என்றாள். விலகினேன்.

மழைக்காலத்தில் அவள் மறுபடியும் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். மகளுக்குக் காய்ச்சல், குன்னூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும், இரண்டு நாள் லீவு. உடனே எழுந்தேன். "இரு, கேட்டுட்டு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன்.

"நானும் வாரனுங்க" என்றாள்.

மழையில் இரண்டு பேரும் பங்களாவுக்கு நடந்தோம். அவள் எனக்கு நாலடி பின்னால் வந்தாள். துரை வராந்தாவில் இருந்தார். நான் ஆங்கிலத்தில் கேட்டு முடிக்கும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையசைத்ததும், நான் வாய் திறப்பதற்கு முன்பே படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்த வாரமே வேறொருவர் லீவு கேட்க வந்தார். அவரும் பங்களாவுக்கு என் கூடவே வந்தார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. அவள் யாரிடமாவது சொன்னாளா, அவர்களே பார்த்துத் தெரிந்துகொண்டார்களா, தெரியாது. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. தடுக்கவில்லை. 'துரை சொல்றாருங்க' என்று மறுபடியும் சொல்லிப் பழகினேன். முதல் சில மாதம் அது வாயில் கல் மாதிரி உருண்டது.

அடுத்த வருஷம் அவர்கள் ஒப்பந்தம் முடிந்தது. புருஷன் தலையில் பெரிய மூட்டையும், அவள் இடுப்பில் குழந்தையுமாக ஆபீஸைக் கடந்து போனார்கள். நான் வெளியே வந்து நின்றேன். புருஷன் நின்று, "போயிட்டு வாறமுங்க ரைட்டரய்யா" என்றான். அவள் நிற்கவில்லை. ரயில் பிடிக்க நேரமாகிவிட்டிருந்தது.