ஆற்றினருக்கு மட்டும்

என் வீட்டுக்காரர் தீர்த்தகிரிக்குப் பொறாமைப்படத் தெரியாது என்று கல்யாணமான புதிதில் என் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தம்பி கார் வாங்கினான், பங்காளி உத்தனப்பள்ளியில் மாடி வீடு கட்டினான், எதற்கும் அவர் முகம் மாறியதில்லை. அவருக்கு வயிறு எரிகிற இடம் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். வாரத்தில் ஆறு நாள் கேஜ் என்ற அளவுக் கருவியை விட்டுத் துளையைப் பார்த்து, ஓகே, ரிஜெக்ட், ஓகே என்று ஒதுக்குவதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் ராஜா. அங்கே நாங்கள் ஆடுவது கற்பனை உலகத்தில் நடக்கும் ஒரு கதை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக்கொண்டு, பகடை உருட்டி ஆட வேண்டும். பாத்திரத்துக்கு ஓர் இனம் உண்டு, ஒரு தொழில் உண்டு. உலகத்தை உண்டாக்கிக் கதையை நடத்துபவர் ஆடமாட்டார், ஆட்டி வைப்பார். மூன்று வருடமாக அது இவருடைய நாற்காலி. அதைவிட்டால் மனிதருக்கு வேறு எதுவும் கிடையாது.

பெங்களூரில் எங்கோ இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, தமிழில் தானே விதிகள் எழுதினார். மலையர், காட்டினர், ஆற்றினர் என்று மூன்று இனம். விதியை மாற்றினால் கம்பெனி வழக்கப்படி ஒரு தாள் வரும்: திருத்த எண், தேதி, மாற்றத்துக்கான காரணம், கீழே எல்லோருடைய கையெழுத்து. விளையாட வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. நானும் எதிர்வீட்டு சரிதாவும் காட்டினர். நாங்கள் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவோம்.

போன வருடம் கமலக்கண்ணன் வந்தான். சங்கரன்கோவில் பக்கம், அதே கம்பெனியில் அசெம்பிளி லைன். மலையனாக ஆடினான். அவன் வாயைத் திறந்தால் நாங்கள் பகடையையே மறந்துவிடுவோம். கிழவன் பேசினால் கிழவன், ஓநாய் பேசினால் ஓநாய். ஒரு நாள் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்த என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். ரிஜெக்ட் போடுகிற முகம்.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஆட்டத்துக்குப் புதுத் தொழில் ஒன்றைச் செய்து முடித்திருந்தார். கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்ததை ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து, இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. பெயர் மதகுக்காவலர். ஒரு சொல்லால் வெள்ளத்தை நிறுத்துவார், நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அவருடைய நினைவுகளில் ஒன்றை ஆறு எடுத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் இதைப் படித்துக் காட்டியதும் முதல் ஆளாக எனக்கு வேண்டும் என்று கேட்டவன் கமலக்கண்ணன்.

அடுத்த ஞாயிறு தாள் வந்தது. திருத்தம் எட்டு: மதகுக்காவலர் தொழில் ஆற்றினருக்கு மட்டும். எங்கள் மேசையில் ஆற்றினர் ஒருவர்கூடக் கிடையாது. ஒருத்தனுக்குக் கிடைக்கக்கூடாது என்று, இரண்டு மாத உழைப்பை யாருக்கும் இல்லாமல் பூட்டிவிட்டார்.

"ஏன்ணே, மலையன் மதகத் தொறக்கக் கூடாதா? பெறப்பப் பாத்துதான் வேல குடுப்பாங்களோ?" என்றான் கமலக்கண்ணன்.

"அந்த ஒலகத்துல அப்பிடித்தாம்பா."

காரணக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று சரிதா கேட்டாள். தரப் பரிசோதகர் காரணம் எழுத மறந்தது அதுதான் முதல் தடவை. அவசரமாக 'வடிவமைப்புத் தேவை' என்று எழுதினார். எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும் கையெழுத்துப் போட்டேன்.

கமலக்கண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனுடைய மலையன் வாராவாரம் மதகு வாசலுக்குப் போய் நின்றான். வேலை கேட்டான், விரட்டினார்கள், மறுபடியும் போய் நின்றான். மழையில் நின்றான். சரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் போட்ட பூட்டையே அவன் கதையாக்கிவிட்டான், அதுவும் இவர் எழுதிய எல்லாக் கதையையும்விட நல்ல கதையாக. அந்த வாரங்களில் இவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, அவனைக் கேள் என்பார்.

மூன்று வருடமாக நீங்கள் ஒரு தடவைகூட ஆடியதில்லையே, இந்த வாரம் நான் நடத்துகிறேன் என்று கமலக்கண்ணன்தான் கேட்டான். இவர் தட்டிக் கழித்துப் பார்த்தார், சரிதா விடவில்லை. நாற்காலி மாறியது. கமலக்கண்ணன் ஒரு தாளை அவர் முன்னால் வைத்தான். இனம், ஆற்றினர். தொழில், மதகுக்காவலர். உங்களுக்கென்றே எழுதினேன் என்றான். அவன் மனதில் சூது எதுவும் கிடையாது, சத்தியமாகச் சொல்வேன்.

ஆட்டம் தொடங்கியது. மதகு வாசலில் காவலராக என் வீட்டுக்காரர். எதிரே, கமலக்கண்ணனின் குரலில், அந்த மலையன்.

"நா என்ன கொறஞ்சவனா? காரணம் சொல்லுங்க, போயிருதேன்."

இவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நீ கொறஞ்சவன் இல்லப்பா. நீ வாயத் தொறந்தா எல்லாரும் உன் பக்கம் திரும்பிக்கிறாங்க. என் வூட்டுல இருக்கறவகூட. உன்ன உள்ள வுட்டுட்டா, இங்க நான் என்னாத்துக்கு?"

குரல் உடைந்திருந்தது.

சரிதா கைதட்டினாள். கமலக்கண்ணன் எழுந்து நின்று தட்டினான். "அண்ணே, இப்பிடி நடிப்பீங்களா? இத்தன நாளு இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றான்.

மூன்று வருடத்தில் அந்த மேசையில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.