ஜில்லென்று கிடந்த தண்ணீர்

எனக்கு அப்போது ஒன்பது வயது. வயதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை. ஒன்பது வயதில் பொய் சொல்லத் தெரிந்தவளுக்கு உண்மை சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

சிதம்பரத்துக்கு வெளியே வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் வேலை. காலை ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பி. மாமா அண்ணாமலை நகரில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தார். படிக்கிறவர் என்பதால் வீட்டில் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார். அம்மா அதற்கும் பெருமைப்படுவாள். அப்புறம் ஒரு செவலைப் பசு. ஏழு மாதச் சினை. அப்பாவிடம் பேசியதைவிட அதனிடம்தான் அம்மா அதிகம் பேசியிருப்பாள்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் மாமா எனக்கு வித்தை காட்டினார். டம்ளர் தண்ணீரில், அம்மா வாங்கி வைத்திருந்த உர மூட்டையிலிருந்து ஒரு கை யூரியாவைப் போட்டுக் கலக்கி என் கன்னத்தில் வைத்தார். துள்ளிவிட்டேன்.

"ஐஸ் போட்டியா மாமா?"

"ஐஸும் இல்ல, மந்திரமும் இல்ல. யூரியா கரையறதுக்குச் சூடு வேணும். அதைத் தண்ணிகிட்டேருந்தே புடுங்கிக்குது. அதான் ஜில்லுனு ஆவுது. உங்கம்மாகிட்ட சொல்லாத. மூட்டையில கை வச்சேன்னு தெரிஞ்சா தோல உரிச்சிடும்."

எல்லாம் சொன்னார். மாடு குடித்தால் செத்துப்போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்றும் எனக்கு அடங்கவில்லை.

மறுநாள் மதியம் கரண்ட் இல்லை. அம்மா வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜில் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வெந்நீராகக் கிடந்தது. டம்ளரில் பாட்டில் நுழையாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வாளியில் பாதி தண்ணீர் இருந்தது. கொட்டாங்குச்சியால் யூரியாவை அள்ளி அள்ளிப் போட்டேன். கரைந்தது, குளிர்ந்தது. பாட்டிலை அதில் அமுக்கிவைத்தேன். குடிக்கப்போகும் நேரத்தில் அம்மாவின் வளையல் சத்தம். வாளியைச் சாய்த்தேன். கொஞ்சம்தான் கொட்டியது, கை வலித்தது. பாட்டிலை மட்டும் உருவிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடினேன்.

அம்மா வழக்கம்போல அந்த வாளியிலேயே கழனித் தண்ணீரை ஊற்றினாள். தவிட்டைப் போட்டு முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள். "குடிடி தாயி. இன்னைக்கு என்னமோ ஜில்லுனு கெடக்கு பாரு" என்று மாட்டிடம் சொன்னாள்.

நான் பேசவில்லை. மூட்டையில் கை வைத்தது தெரிந்துவிடுமே என்பதுதான் என் பயம். மாடு பாதி வாளி குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அரைமணி நேரத்தில் அதன் தோல் நடுங்கியது. வயிறு ஒரு பக்கம் உப்பியது. கத்திக்கொண்டே சுற்றி, முன்கால் மடங்கி, வாயில் நுரையோடு விழுந்தது. பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து பாம்பு கடித்திருக்கும் என்றாள். கூட வந்தவள் கண் பட்டிருக்கிறது, மிளகாய் சுற்று என்றாள். அம்மா யாரையும் கேட்கவில்லை. மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் புவனகிரிப் பக்கம் இருந்தார். வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும்.

"என்னம்மா தின்னுச்சு?"

"எப்பவும் குடுக்கற தவிட்டுத் தண்ணிதான் சார்!"

"என்ன தின்னுச்சுன்னு தெரியாம நான் என்ன மருந்து சொல்றது?"

அந்த நேரத்தில் மாமா சாப்பிட வந்தார். வாளியைப் பார்த்தார். பக்கத்தில் சிந்திக்கிடந்த வெள்ளைக் குருணையைப் பார்த்தார். என்னைக் கையைப் பிடித்து வைக்கோல் போருக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"பாப்பா, யூரியா போட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மாடு சாவுது பாப்பா. நெசமா சொல்லு."

"சத்தியமா இல்ல மாமா."

என் முகத்தையே பார்த்தார். அதற்கு மேல் நேரமில்லை. ஓடிப்போய் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "யூரியா சார். நான்தான் வாளியில கரைச்சு வச்சிருந்தேன்."

"அறிவு இருக்காய்யா? வினிகர் ஊத்து, பச்சத்தண்ணியும் ஊத்து. எவ்ளோ ஜாஸ்தி முடியுமோ ஊத்து. பொரை ஏறாம மெதுவா. வினிகர் வர்ற வரைக்கும் புளியக் கரைச்சு ஊத்து."

அம்மா எழுந்து நின்றாள். "எப்படா கரைச்ச?"

"காலையிலயே. கீரைப் பாத்திக்கு ஊத்தலாம்னு."

கீரைப் பாத்திக்கு யூரியா கரைத்து ஊற்றுவது எப்போதும் அம்மாதான். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட மாமாவுக்குத் தெரியாது. அம்மா அவரைப் பார்த்தாள். வைக்கோல் போர்ப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவை ஓங்கி அறைந்தாள். அவள் கையில் காய்ந்திருந்த தவிடு அவர் கன்னத்தில் அப்பியது. அதைத் துடைக்கக்கூட இல்லாமல் வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

அந்தத் தெருவில் யார் வீட்டில் வினிகர் இருக்கும்? அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பக்கம் ஃபிரைடு ரைஸ் கடையில் இருக்கும். மாமா இரண்டு பாட்டிலோடு திரும்பும் வரை புளித்தண்ணீரை மூங்கில் குழாயால் ஊற்றிக்கொண்டே இருந்தாள் அம்மா. மாடு கண்ணைச் சொருகியது. ஒருமுறை மூச்சே நின்றது மாதிரி இருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

வினிகர் உள்ளே போன பிறகு பெரிதாக ஏப்பம் விட்டது. டாக்டர் வந்து ஊசி போட்டார். பொழுது சாயும் நேரத்தில் எழுந்து நின்றது. அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு ஒழுங்காகக் கன்றும் போட்டது.

மாமா அந்த வாரமே லாட்ஜில் அறை எடுத்துப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரை மாட்டுக்கு விஷம் வைத்த விஞ்ஞானி என்று கிண்டல் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மீன் குழம்பு வைத்து, கேரியரை என் கையில்தான் கொடுத்தனுப்புவாள். "நீயே போயி குடு" என்பாள். ஏன் நானே போகவேண்டும் என்று எரிச்சலாக இருக்கும். மாமா அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அம்மா அவரை நம்பிவிட்டாள், நான் தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பதினோராம் வகுப்பில் ஆசிரியர் ஒரு பீக்கரில் யூரியாவைக் கரைத்து எங்களிடம் தந்தார். விரல் மரத்துப்போகும் குளிர். பீரியட் முடிந்து மணி அடித்தபோது மறுபடி தொட்டுப் பார்த்தேன். சாதாரணத் தண்ணீராக இருந்தது.

காலையில் கரைத்தது மதியம் வரைக்கும் ஜில்லென்று கிடக்காது. அந்தத் தண்ணீரில் அன்று முழங்கை வரை கையை விட்டவள் அம்மா. மாமாவை அறைந்ததும் அந்தக் கைதான்.