காய்ந்த பல்லின் படம்

என் மகள் தன் முன்பல்லில் இருக்கும் வெள்ளைத் திட்டை முதன்முதலில் எப்போது கவனித்தாள்? நான் அதைத் திரையில் காட்டுவதற்கு முன்பேயா, அல்லது நான் காட்டியதால்தானா? இரண்டு வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை. அவளிடமே கேட்கலாம். கேட்டால் அந்த நாளை மறுபடியும் ஞாபகப்படுத்திவிடுவேனோ என்று பயந்து கேட்காமலே இருக்கிறேன்.

அப்போது நான் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தேன். டொக்டர் மலேசியத் தமிழ்ப் பெண்மணி. படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நல்ல கருவி என்றால் அவருக்குப் பசி தெரியாது. பார்சல் வந்துவிட்டால், நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருப்பவரிடம்கூட, "ஒரு நிமிஷங்க, பிரிச்சுப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போவார். கீறல் விழுந்த வாய்க்கண்ணாடி அன்றே குப்பைக்குப் போகும். பல்லை மெருகேற்றும் சின்னஞ்சிறு தகடுகளை விரல் நுனியில் தேய்த்து, எது மென்மை என்று என்னையும் கேட்பார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஏதோ ஒன்றைக் காட்டுவேன். "தொடாமலே சொல்றியே நீ!" என்று சிரிப்பார்.

பல்லை அழகாக்கும் வேலையில் அவருக்கு இன்னும் ஈடுபாடு அதிகம். உடைந்த முன்பல்லைக் கட்டுவதற்கு முன், வந்தவரை ஜன்னலருகே நிறுத்தி, நிற மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பல்லோடு சேர்த்துப் பிடிப்பார். லண்டனின் மேகம் மூடிய வெளிச்சம் இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது என்பார். பல் ஈரமாக இருக்கும்போதே நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். காற்றடித்து உலர்த்தினால் பல் வெளுத்துப்போகும். கண்ணுக்கே படாத திட்டுக்கூடப் பளிச்சென்று தெரியும். "காஞ்ச பல்லு பொய் சொல்லும்" என்பதை அவரிடம் வேலை செய்த ஐந்து வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

பிறகு ஸ்கேனர் வந்தது. வாய்க்குள் விட்டால் பற்களைத் திரையில் வண்ணப்படமாகக் காட்டும். திருத்தியபின் எப்படி இருக்கும் என்பதையும் பக்கத்திலேயே காட்டும். "மத்தியானத்துல யாராவது கெடைச்சா பழகிப் பாரு" என்றார் டொக்டர். பள்ளி விடுமுறை, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஏழு வயது மகளையும் வேலைக்குக் கூட்டி வந்திருந்தேன். அவளை நாற்காலியில் ஏற்றினேன். படம் எடுக்கும் முன் பற்களை உலர்த்த வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. சொன்னபடியே காற்றடித்தேன்.

திரையில் இடப்பக்கம், புதிதாக முளைத்த முன்பல்லில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு திட்டு. வலப்பக்கம் அதே சிரிப்பு, திட்டு இல்லாமல்.

"அம்மா, இது ஆர்?" என்று வலப்பக்கத்தைக் காட்டினாள்.

"நீர்தான்."

"அப்ப இது?"

"அதுவும் நீர்தான்."

அவள் கை மெல்ல வாய்க்குப் போனது.

சாப்பிட்டுவிட்டு வந்த டொக்டருக்குத் திரையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கைக்கண்ணாடியை மகளிடம் கொடுத்தார். "நாக்கால பல்ல நல்லா நனைச்சுட்டுப் பாரும்மா. போயிடுச்சா?"

நனைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். "கொஞ்சம் இருக்கு, டொக்டர் அன்ரி."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்" என்றேன்.

"என்கிட்ட ஏன் கேக்குற?" என்றார்.

போன வருடம் டொக்டர் கிளினிக்கை விற்றுவிட்டு மலேசியாவுக்குத் திரும்பிவிட்டார். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. படங்களில் உதட்டை மூடியே சிரிக்கிறாள். முன்பு எப்படிச் சிரித்தாள் என்று பழைய படங்களைத் தேடினேன். ஸ்கேன் எடுத்த நாளுக்கு முந்தைய மாதங்களில் பால்பல் விழுந்து வாய் ஓட்டையாக இருந்தது. அப்போதும் மூடித்தான் சிரித்திருக்கிறாள். "நீர் சும்மா யோசிக்கிறீர், பிள்ளை வளருது" என்கிறார் கணவர். அப்படியும் இருக்கலாம்.

போன மாதம் அவளாகவே கேட்டாள்: "அந்தப் படத்தில இருந்த மாதிரிச் செய்ய ஏலுமா அம்மா?" நோர்பரியில் இப்போது நாங்கள் காட்டும் பல் மருத்துவர், பல்லைக் குடையாமல், திட்டுக்குள் ஒருவகைப் பிசினை ஊறவைத்து அதை மங்கச் செய்யலாம் என்றார். செய்யாமல் விட்டாலும் பல்லுக்குக் கேடில்லையாம். எங்கள் விருப்பம்தானாம்.

மனம் கேட்காமல் டொக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்ககிட்ட பிசின இறுக வைக்க என்ன லைட் இருக்கு? பழசா, புதுசா?" என்றுதான் முதலில் கேட்டார். புதிது என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு கேட்டார்: "அவ கேக்குறாளா, நீ கேக்குறியா?"

"அவதான்" என்றேன். போனை வைத்த பிறகு, சொன்னது உண்மைதானா என்று எனக்கே சந்தேகம்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு நாள் குறித்திருக்கிறோம். வேண்டாமென்றால் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும். இப்படியொரு முடிவை எடுத்த பெற்றோர் இதைப் படித்தால், என்ன செய்தீர்கள், பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். சின்ன வயதில் பல்லைத் திருத்திக்கொண்டவர்களும், கேட்டும் கிடைக்காமல் வளர்ந்தவர்களும் எழுதினால் இன்னும் நல்லது. உங்கள் அம்மா எடுத்த முடிவை நீங்கள் இப்போது எப்படி நினைக்கிறீர்கள்? அவருக்காகப் பொய் சொல்லாமல் எழுதுங்கள்.